டி டிரைவில் இருந்தால் போதுமா?

“எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது சார்” என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிறேன். இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் பழுதாகி மறுபடி நிறுவும்போது பெரும்பாலும் சி டிரைவை மட்டும் அழிப்பார்கள். டி டிரைவில் உள்ளவை தப்பிவிடும். ஆனால் நம்மிடம் உள்ள பல கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்கைத் தடுத்துப் பெயரிட்டவைதான். ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். பீரோவே போனால் எந்தத் தட்டில் வைத்தால் என்ன?

எமிஸ் தளத்தில் ஏற்றிய விவரங்கள் அங்கே இருக்கும். நாமே உருவாக்கிய வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள், மதிப்பெண் பகுப்பாய்வு, ஆண்டுவிழாப் படங்கள் நம் கணினியில் மட்டுமே இருக்கின்றன. இவற்றுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும்.

1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் தாராளமாகப் போதும். 4 எம்பி அளவுள்ள 1000 படங்கள் சேர்ந்தாலும் ஏறத்தாழ 4 ஜிபிதான். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்க நல்லது. சேமித்து வைக்க நான் அதை நம்புவதில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வைரஸோடு திரும்புவதும் அதுதான்.

டிஸ்கை இணைத்து, அதில் அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால் பழையது புதியது தானாக வரிசையில் நிற்கும். பிறகு காப்பி, பேஸ்ட். ‘கட்’ வேண்டாம். இடம் மாற்றிவிட்டால் அப்போதும் இருப்பது ஒரே பிரதிதான்.

இதைத் தானாகச் செய்ய விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘ஃபைல் ஹிஸ்டரி’யைத் திறந்து ‘டர்ன் ஆன்’ கொடுத்தால், டிஸ்க் இணைந்திருக்கும் வரை மணிக்கொருமுறை மாறிய கோப்புகளை நகலெடுக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றை மட்டுமே அது பார்க்கும். டி டிரைவில் தனி ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் அதை விண்டோஸின் ‘லைப்ரரி’யில் சேர்க்காவிட்டால் கையால்தான் நகலெடுக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை போன்ற வைரஸ்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. அந்த நேரத்தில் இணைந்திருக்கும் டிஸ்கையும் அவை பூட்டிவிடும். கழற்றிய டிஸ்க் கணினிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டாம். மாணவர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்கள் அதில் இருந்தால் தலைமையாசிரியர் அறைப் பீரோவே அதற்குரிய இடம்.

பலர் விட்டுவிடுவது அடுத்த வேலையை. நகலெடுத்த டிஸ்கை வேறொரு கணினியில் இணைத்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யும் நமக்கு இது மிகவும் முக்கியம். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய வினாத்தாள்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போனதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய கணினியின் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்று இருக்கும். அங்கிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும் டிஸ்கில் சேர்த்துவிடுங்கள். புதிய கணினியில் அவற்றை நிறுவியதும் வினாத்தாள் பழையபடி தமிழில் தெரியும்.