90 மார்க் எடுத்தும் பெயில்! ஜப்பான் மொழி படிக்கும் மண்ணடி குமாஸ்தா

சென்னை:-

மண்ணடியில் ஒரு இரும்புக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் கணக்கு நோட்டு. அதன் அடியில் இன்னொரு நோட்டு. புரட்டிப் பார்த்தால் புரியாத எழுத்துகள்!

"என்ன சார், ரகசியக் கணக்கா?" என்று நமது நிருபர் கேட்டதும் குமாஸ்தா சிரித்துவிட்டார்.

"ரகசியம் ஒண்ணுமில்லே தம்பி. ஜப்பான் பாஷை!"

அவருக்கு வயது 54. ஜப்பானில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. அங்கே வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லை. பிறகு ஏன் இந்த ஆசை?

"கடைக்கு வந்த ஒரு அட்டைப் பெட்டியிலே ரெண்டு எழுத்து இருந்தது. என்னன்னு விசாரிச்சேன். முதல் எழுத்து சூரியன், அடுத்தது மூலம். சேர்த்துப் படிச்சா 'நிஹோன்', அதாவது ஜப்பான். அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்தான்!"

காஞ்சி தெரியுமா?

ஞாயிறுதோறும் வகுப்பு. கூடப் படிப்பவர்கள் வேலைக்காகப் படிக்கும் இளவட்டங்கள். ஹிரகானா 46 எழுத்து, கத்தகானா 46 எழுத்து. அதற்கு மேல் 'காஞ்சி'. பட்டுப்புடவை என்று நினைக்காதீர்கள்! சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்துக்குத்தான் அந்தப் பெயர். பொது உபயோகத்துக்கென்று ஜப்பான் அரசு 2010-ல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. மரத்துக்கு ஒரு எழுத்து. அதையே மூன்று முறை எழுதினால் காடு. மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் ஓய்வு!

எழுத்துதான் பயமுறுத்துகிறது. வாக்கியமோ நம்ம வீட்டுப் பிள்ளை. 'மிசு ஓ நோமிமாஸ்' என்றால் 'தண்ணீரைக் குடிக்கிறேன்'. 'மிசு' தண்ணீர். நம்முடைய 'ஐ' உருபுக்கு அங்கே 'ஓ'. வினைச்சொல் கடைசியில்தான். கேள்வியா? கடைசியில் 'கா' சேர்த்தால் போதும். நாம் 'ஆ' சேர்த்து 'குடிக்கிறீர்களா' என்று கேட்பது மாதிரி.

இதை வைத்துத் தமிழும் ஜப்பான் மொழியும் ஒரே குடும்பம் என்று சொல்லலாமா? சுசுமு ஓனோ (1919-2008) என்ற ஜப்பான் அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

காது செய்த சதி

கடந்த டிசம்பரில் குமாஸ்தா பரீட்சை எழுதினார். 1984-ல் தொடங்கிய தேர்வு இது. இப்போது ஐந்து படிகள். அடிப்படி 'என்-5'. மொத்தம் 180 மார்க். 80 எடுத்தால் பாஸ். அவர் எடுத்ததோ 90!

ஆனாலும் பெயில்! காரணம்? காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் 60-க்குக் குறைந்தது 19 வாங்கியாக வேண்டும். இவருக்கு 17.

"எண்ணிக்கையிலே மாட்டிக்கிட்டேன் தம்பி. குழாய் மாதிரி நீளமான சாமான் ஒண்ணுன்னா 'இப்பொன்', ரெண்டு 'நிஹொன்', மூணு 'சம்பொன்'. தகடு மாதிரி தட்டையா இருந்தா 'இச்சிமாய்', 'நிமாய்'. முப்பது வருஷமா குழாயும் தகடும் எண்ணுறவன் நான். எனக்கே தலை சுத்திடுச்சு!"

மார்க் வந்த அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். கடைப் பையன்கள் 'ஜப்பான் மாமா' என்று கிண்டல் வேறு. நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்தும் வைத்துவிட்டார்.

போயிட்டு வர்றேன்!

மறுநாள் காலை. செருப்பை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் 'இத்தெ கிமாஸ்' என்றார். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்வது. நேர் அர்த்தம் 'போயிட்டு வர்றேன்'! அடுப்படியிலிருந்து பதில் வந்தது: 'இத்தெராஷ்ஷாய்!' போயிட்டு வாங்க!

"நான் சொல்லிக் கொடுக்கவே இல்லே தம்பி. தினம் போன்லே பாடம் கேட்கிறேனில்லையா, அவ காதிலேயும் விழுந்திருக்கு. அவளுக்குக் கேட்குது, எனக்கு மட்டும் கேட்காதா?"

நோட்டு மறுபடி கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் காதில் ஒயரோடுதான் பயணம்.

டிசம்பர் பரீட்சையை மறுபடி எழுதப் போகிறார். தேவை இன்னும் இரண்டே இரண்டு மார்க். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் 'இப்பொன், நிஹொன்' என்று முணுமுணுத்தால் பயப்படாதீர்கள். நம்ம மண்ணடி குமாஸ்தாதான்!