காதுக்குள்ளே ஒரு வெள்ளை முத்து

இம்பீடன்ஸ் மேட்சிங் பத்தி எப்படியும் ஒரு செமஸ்டர்ல படிச்சிருப்பீங்க. அதே வேலையை நம்ம காதும் செய்யுது, தெரியுமா? காற்றில் வரும் ஒலி, உட்காதில் இருக்கும் திரவத்துக்குள் நேரடியாகப் போக முயன்றால் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால்தான் நடுவில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். செவிப்பறையின் பரப்பு, அங்கவடி அழுத்தும் ஜன்னலைப் போல சுமார் 17 மடங்கு. நெம்புகோல் விசை இன்னொரு 1.3 மடங்கு. ஆக, அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்கு கூடுகிறது. பட்டாணி அளவு இடத்துல இவ்வளவு மெக்கானிக்ஸ்!

அரிதாகச் சில குழந்தைகளுக்கு இந்த இடத்தில் பிறவியிலேயே ஒரு கட்டி இருக்கும். பெயர் கொலஸ்டியட்டோமா. பெயர்தான் கொலஸ்ட்ரால் மாதிரி. உண்மையில் அது தோல். புற்றுநோய் இல்லை, உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாது.

தோல் எப்படி உள்ளே போச்சு? கருவில் இருக்கும்போது நடுக்காதில் தோல் போன்ற செல்கள் கொஞ்சம் இருக்கும். வழக்கமாக அவை பிறப்பதற்கு முன்பே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டால் அதுவே கட்டியாக வளர்கிறது என்பதுதான் பலர் ஏற்கும் விளக்கம். நம் தோலில் இறந்த செல்கள் உதிர்ந்து போய்விடும். மூடிய பைக்குள் அவை எங்கே போகும்? உள்ளேயே சேர்ந்து, பை பெருசாகிக்கொண்டே வரும். அப்படியே பக்கத்து எலும்பை அரிக்கும். முதலில் அந்தக் குட்டி எலும்புகள். விட்டுவிட்டால் முக நரம்பு, மூளையை ஒட்டிய எலும்பு வரை போகலாம்.

சிக்கல் என்னன்னா, ஆரம்பத்தில் வலி இருக்காது, சீழ் வராது, செவிப்பறையில் ஓட்டை இருக்காது. இன்னொரு காது நன்றாகக் கேட்பதால் குழந்தை சமாளித்துவிடும். பிறந்ததும் செய்த செவித்திறன் சோதனையில் பாஸ் ஆகியிருந்தாலும் பிறகு வளரலாம். எலும்புச் சங்கிலி அறுந்தால் இழப்பு 60 டெசிபல் வரை போகும். நாம் சாதாரணமாகப் பேசும் சத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுக்குள்ள ஸ்கூல்ல "கவனமே இல்லை"ன்னு பெயர் வாங்கியிருக்கும்.

மருந்தோ சொட்டு மருந்தோ இதைக் கரைக்காது, அறுவை சிகிச்சைதான். சிறியதாக இருக்கும்போதே பிடித்தால் காது வழியாகவே எடுத்துவிடலாம், எலும்புகளும் தப்பிக்கும். தாமதமானால் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைத் திறக்க வேண்டி வரலாம். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் மறுபடி வளரும் என்பதால் வருடக்கணக்கில் கண்காணிப்பார்கள்.

கண்டுபிடிக்கிற முதல் படி ரொம்ப சிம்பிள். இ.என்.டி. டாக்டர் ஓட்டோஸ்கோப்பால் பார்த்தால், செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளை முத்து போலத் தெரியும். உறுதி செய்ய சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

வீட்டில் தம்பி, தங்கை, அக்கா குழந்தை யாராவது போனை எப்போதும் ஒரே காதில் வைக்கிறார்களா? கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்புகிறார்களா? டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்களா? இதுக்கு வேறு சாதாரணக் காரணங்களும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனா திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை காதைக் காட்டுங்க. இரண்டு காதையும் தனித்தனியா சோதிக்கச் சொல்லிக் கேளுங்க.