காணாத கைக்குக் கட்டுப்படும் குதிரை

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பேரன் கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினானாம். பெரிய ஆட்டுக்கடா உயரத்தில் ஒரு குதிரை, அதன் பின்னால் இரண்டு சக்கர வண்டி, வண்டியில் வாட்டசாட்டமான ஓர் அம்மையார். குதிரை தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடுகிறது. “இது வளர்ந்த குதிரையா, குட்டியா? எதுவானாலும் இப்படிப் பாரம் இழுக்க வைப்பது பாவமில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

ஓர் அஞ்சலட்டையில் பதில் எழுதிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மகள் வீட்டில் தங்குவதற்காக டெக்ஸாஸ் போயிருந்தேன். அடுத்த வேலிக்கு அப்பால் ஒரு பெண்மணி இதே மாதிரிக் குதிரையை வண்டியில் பூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியவர். முழங்கால் தேய்ந்துபோய்ப் பெரிய குதிரையில் ஏற முடியாமல் போனதும் இந்தப் பக்கம் வந்தவர். நான்கு மாதம் காலைக் காப்பியோடு வேலியோரம் நின்று பார்த்தேன். அப்போதிருந்து இந்தக் குதிரை என் மனசை விட்டுப் போகவில்லை.

அது குட்டி இல்லை, வளர்ந்த குதிரைதான். மினியேச்சர் குதிரை என்று ஒரு தனி இனமாகவே பதிவு செய்கிறார்கள். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 1978-இல் டெக்ஸாஸில் தொடங்கியது. அதன் கணக்கில் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மற்றக் குதிரைகளை முதுகு தொடங்கும் மேட்டின் உச்சியில் அளப்பார்கள். இதைப் பிடரி மயிர் முடிகிற இடத்தில் அளக்கிறார்கள். நம் சாப்பாட்டு மேஜையைவிட நான்கு விரற்கடை கூடுதல், அவ்வளவுதான். எடை 100 கிலோவையொட்டி இருக்கும். நம் ஊரில் குள்ளக் குதிரையை மட்டக்குதிரை என்று சொல்கிறோமே, அந்த மட்டக்குதிரைக்கும் மட்டமானது இது.

இதன் முன்னோர்களில் பலவும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரைகள். காற்றும் குளிரும் புல் பஞ்சமுமாகச் சேர்ந்து குறுக்கிய இனம். 1842-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்றது. குழந்தைகள் இழுத்துக்கொண்டிருந்த நிலக்கரித் தள்ளுவண்டிகளை இழுக்க, தாழ்ந்த கூரைக்கடியில் நடக்கக்கூடிய குள்ளக் குதிரைகளைத் தேடினார்கள். 1913 வாக்கில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் பிரிட்டன் சுரங்கங்களுக்குள் உழைத்தன. குழந்தைகளை விடுவித்த சட்டம் நல்ல சட்டம். அந்தச் சுமையைத் தன் கழுத்தில் வாங்கிக்கொண்டது இந்தக் குதிரையின் பாட்டன் கூட்டம் என்பதும் உண்மை.

வாத்தியாரின் பாவக் கணக்குக்கு வருகிறேன். முதுகில் சுமப்பதும் சக்கரத்தில் இழுப்பதும் ஒன்றல்ல. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் முதுகில் சுமக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 கிலோ குதிரையின் முதுகில் இருபது கிலோக் குழந்தையை உட்கார வைக்கலாம். அதற்கு மேல் கூடாது. சக்கரம் வந்துவிட்டால் பாரத்தைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது. கெட்டியான சமதளச் சாலையில், காற்றடித்த டயர் போட்ட இலகு வண்டியும் ஆளுமாக நூறு கிலோ என்றாலும், இரண்டு மூன்று கிலோவைத் தூக்குகிற விசை போதும் அதை உருட்டிச் செல்ல. மணலிலும் மேட்டிலும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் தெரிந்தவர்கள் குதிரைக்கேற்ற வண்டியும், வண்டிக்கேற்ற பாதையும் பார்த்துத்தான் பூட்டுகிறார்கள்.

இரண்டு சக்கர வண்டியில் இன்னொரு நுட்பம் உண்டு. அதைப் பழனி அடிவாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். அப்பத்தாவோடு ஜட்கா ஏறினால் வண்டிக்கார பாய் முதலில் எங்களைத்தான் ஒழுங்குபடுத்துவார். “பெரியம்மா, கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உக்காருங்க. பின்பாரமா இருக்கு.” பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே எழும்பி, வயிற்றுப்பட்டை குதிரையை அந்தரத்தில் தூக்கப் பார்க்கும். முன்பாரம் ஆனால் மொத்தமும் முதுகில் அழுந்தும். சரியாக உட்கார்ந்தால் ஏர்க்கால் பட்டைக்குள் மிதந்துகொண்டே வரும். டெக்ஸாஸ் அம்மையார் முதல் நாள் வண்டியில் ஏறி, இருக்கையை ஓர் அங்குலம் முன்னே தள்ளி, இறங்கிப் பார்த்து, மறுபடி அரை அங்குலம் பின்னே தள்ளியபோது எனக்கு அந்த பாயின் குரல் கேட்டது.

ஆனால் வண்டியில் பூட்டுவதற்கு முன்னால் எத்தனை மாதங்கள்! எலும்பு முற்றுவதற்காக, பாரம் இழுக்கும் வேலையை மூன்று வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். முதலில் வெறும் சேணம். வாலுக்கடியில் ஒரு பட்டை போகும். அது பழகவே சில நாள். பிறகு நீண்ட லகானைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார். வண்டி கிடையாது. குதிரை முன்னே, மனுஷி பின்னே, தெருத்தெருவாக. அடுத்து ஒரு மரக்கட்டையை இழுத்துவரச் செய்வார். அப்புறம் பழைய டயர். பின்னால் ஏதோ சரசரவென்று தொடர்ந்து வருகிறதே, அது நம்மைத் தின்ன வரவில்லை என்று குதிரை தெரிந்துகொள்ள வேண்டும். புல்வெளியில் பிறந்து ஓடித் தப்பித்தே பிழைத்த பிராணிக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடையாது.

என்னைக் கட்டிப்போட்டது இந்த இடம்தான். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும்தான் அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட குதிரைக்கு வண்டியில் பூட்டும்போது கண்ணின் இருபுறமும் தோல் பட்டை கட்டுகிறார்கள். பின்னால் சக்கரம் சுழல்வதும் சாட்டை அசைவதும் தெரியாது. முன்னே உள்ள பாதை மட்டும் தெரியும். கண்பட்டை இல்லாமலே பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியைக் காட்டியே பயத்தைப் போக்குகிறார்கள். பெரும்பாலோர் கட்டுகிறார்கள்.

குதிரைச் சவாரியில் ஆள் முதுகில் இருக்கிறான். அவன் தொடை இறுகுவதும் உடம்பு சாய்வதும் குதிரைக்குத் தெரியும். வண்டிக் குதிரைக்கு அந்தத் தொடர்பு எதுவும் இல்லை. உலகத்தையே சுற்றிப் பார்க்கப் படைக்கப்பட்ட பிராணி, பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமல், வாயில் வந்து முடிகிற இரண்டு தோல் வாரையும் ஒரு குரலையும் நம்பி முன்னே போகிறது. சாட்டை கையில் எப்போதும் இருக்கும். அடிப்பதற்கல்ல, சவாரிக்காரனின் காலுக்குப் பதிலாக விலாவைத் தொட்டுச் சொல்வதற்கு.

ஒரு நாள் அந்த அம்மையார் என்னை வேலிக்கு உள்ளே கூப்பிட்டார். “கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிடியுங்கள்” என்று லகானின் குதிரைப் பக்க முனைகள் இரண்டையும் என் கைகளில் கொடுத்தார். அவர் பின்னால் எட்டடி தள்ளி நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டப் பழகுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் பயிற்சியாம் இது. நடந்தேன். இடது கை விரல்கள் லேசாக இறுகியதும் என் உடம்பு தானாக இடப்பக்கம் திரும்பியது. பிறகு அவர் வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்தார். தோள் வரைக்கும் தூக்கிப்போட்டது. கையிலேயே இப்படி என்றால், நாக்கின் மேல் கிடக்கும் இரும்பில் எப்படி இருக்கும்! அதன் பிறகு அவர் லகானை முழுக்கத் தளர்த்திவிட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பின்னால் ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றே தெரியவில்லை. எனக்கு நடக்கக் கால் வரவில்லை.

சின்ன வயதில் அம்மா தூளியின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு அரிசி களைவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நின்றால் தம்பி விழித்துவிடுவான். அவன் அம்மாவைப் பார்ப்பதில்லை. கயிற்றின் வழியே அவள் இருக்கிறாள், அவ்வளவு போதும் அவனுக்கு. லகானும் அப்படித்தான். இறுக்கவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. அந்த அம்மையார் வீட்டுக்குள் ஒரு நாற்காலி முதுகில் வாரைக் கட்டிவைத்துக்கொண்டு, குதிரை லாயத்தில் தூங்கும் நேரத்தில் தன் விரல்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

குரலுக்கும் இதே ஒழுங்குதான். நட, ஓடு, நில், பின்னே வா. நான்கைந்து சொற்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே ராகம். இவற்றில் ‘நில்’தான் உயிர் காக்கும் சொல். நின்றால் மட்டும் போதாது, அடுத்த சொல் வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

பூட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கடிவாளம், அதன் பிறகுதான் வண்டி. அவிழ்க்கும்போது முதலில் வண்டி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கடிவாளம். வண்டியில் பூட்டியிருக்கும் குதிரைக்குக் கடிவாளத்தைக் கழற்றக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கடிவாளத்தோடு கண்பட்டையும் போய்விடும். இத்தனை நேரம் காணாத பெரிய உருவம் ஒன்று முதுகுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு நிற்பதைத் திடீரென்று பார்க்கும். ஓடும். ஓட ஓட அதுவும் துரத்தும். பிடித்து நிறுத்த லகான் இருக்காது.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்கலாம். போட்டிகள் இருக்கின்றன. எடின்பரோ கோமகன் பிலிப் சர்வதேசக் குதிரை விளையாட்டு அமைப்பின் தலைவராக இருந்த காலத்தில் வண்டியோட்டப் போட்டிக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஐம்பது வயதில் போலோவை விட்ட அவர், முதுமையிலும் மட்டக்குதிரை வண்டி ஓட்டினார். அமெரிக்காவில் இந்தச் சின்னக் குதிரைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து நடத்துகிறார்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டவும் இவற்றைப் பழக்குகிறார்கள்; 2011-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளில் துணை விலங்குகளாக நாய்க்கு அடுத்தபடி பெயர் சொல்லி இடம் கொடுக்கப்பட்டிருப்பது இந்தக் குதிரைக்குத்தான். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேலையே இல்லாத குதிரையின் நிலைமை.

பார்க்க பொம்மை மாதிரி இருக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள். தனியே ஒரு கொல்லையில் விடுகிறார்கள். கூட்டமாக வாழும் பிராணி அது, தனிமை அதற்குச் சிறை. செழித்த புல்லைத் தின்று தின்று கொழுத்து, குளம்புக்குள் வீக்கம் கண்டு, நிற்கவும் முடியாமல் ஆகிவிடும். அந்த அம்மையார் மேயும் குதிரைக்கு வாய்க்கூடை கட்டியதைப் பார்த்து முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிணையல் மாட்டுக்குக் கட்டுகிற அதே கூடை. இடைவெளி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் புல் வாய்க்குள் போகும். குதிரை கால் நொண்டாமல் இருப்பதற்கு அந்தக் கூடைதான் காரணம் என்று பிறகு புரிந்தது.

இன்னும் சின்னதாக வேண்டும் என்கிற ஆசை வேறு. மிசௌரியில் 2001-இல் பிறந்த தம்பலினா என்ற குதிரை 44.5 சென்டிமீட்டர் உயரத்தோடு உலகிலேயே சிறியது என்று பெயர் வாங்கியது. அது குள்ளநோயோடு பிறந்த குதிரை. அந்த நோயைக் கொண்டுவரும் மரபணுப் பிறழ்வுகள் இந்த இனத்தில் கண்டறியப்பட்டிருக்கின்றன; பரிசோதித்துப் பார்த்து இணை சேர்க்கலாம். தாடை சிறுத்தாலும் பல்லின் எண்ணிக்கை குறைவதில்லை, நெருக்கியடித்து முளைக்கும். பிரசவம் சிக்கலாகும். இவ்வளவும் தெரிந்தும் அங்குலக் கணக்கில் குறைத்துக்கொண்டே போகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. நம் பக்கமும் சுத்தமில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு ஆளில்லாத நாளில் குப்பைத்தொட்டியில் முகம் புதைத்து நிற்கும் மட்டக்குதிரைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அளவான வேலையும் அளவான தீனியும் கூடவே ஒரு துணையும் கொடுத்தால் அது குதிரைக்குச் செய்யும் மரியாதை. வாத்தியார் ஐயாவுக்கு என் பதில் இதுதான்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அந்த அம்மையார் வண்டியில் எனக்கு இடம் கொடுத்தார். அவர் இறங்கிப் பக்கத்தில் நடந்தார்; லகான் என் கையில். அவர் சொல்லும் ராகத்திலேயே ‘நட’ என்றேன். குதிரை நகரவில்லை. முன்னே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு காதுகளில் ஒன்று மட்டும் மெல்லப் பின்னால் திரும்பி என் பக்கம் நின்றது. “மறுபடி சொல்லுங்கள், புதுக் குரல் இல்லையா” என்றார் அவர். சொன்னேன். சேணத்தின் வார்கள் இறுகின, வண்டி உருண்டது. தெருமுனை வரை போய் வந்தோம். அந்தக் காது வழி முழுக்க என் பக்கமே இருந்தது.

லாயத்து வாசலில் அவர் ஏர்க்காலை விடுவித்து, வண்டியைப் பின்னே தள்ளி நிறுத்திவிட்டு, கடைசியாகக் கடிவாளத்தைக் கழற்றினார். குதிரை தலையை உதறியது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு வந்து, லகான் பிடித்திருந்த என் கையை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது.