படுத்துப் பார்த்து அமைக்க வேண்டிய அறை

சிறிய மசாஜ் நிலையத்துக்கு அறை பார்த்துவிட்டீர்களா? பெயிண்ட் கடைக்குப் போகும் முன், காலியான அந்த அறையில் பாய் விரித்துப் பத்து நிமிடம் மல்லாந்து படுங்கள். வருகிறவர் ஒரு மணி நேரம் அப்படித்தான் இருக்கப்போகிறார். நின்று பார்த்தபோது தெரியாத குறைகள் அப்போது தெரியும்.

முதலில் உறுத்துவது விட்டத்து விளக்கு. மூடிய இமையையும் தாண்டி அது கூசும். மசாஜ் மேசைக்கு மேலே விளக்கு வேண்டாம். சுவரை நோக்கித் திருப்பிய விளக்குகள் போதும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதம். கடையில் ‘வார்ம் ஒயிட்’ என்று கேளுங்கள். துப்புரவு வேலைக்கு மட்டும் வெள்ளை விளக்கு ஒன்று தனி ஸ்விட்சில் இருக்கட்டும். எண்ணெய்க் கறை மங்கலில் தெரியாது.

கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கை ஒலிக்கு ஒதுக்குங்கள் என்பேன். கனத்த திரை போட்டால் தெருச் சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். திரை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் அடக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடைவெளியின்மையும் வேண்டும். உள்ளே கூடில்லாத கதவு, அதன் விளிம்பில் ரப்பர் பட்டை, அடியில் சந்து அடைப்பு: இவை அதிகச் செலவில்லாதவை. தடுப்புச் சுவர் எழுப்பினால் ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தாமல் கான்கிரீட் தளம் வரை கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அறைப் பேச்சு மேல்வழியாக வந்துவிடும். தன் பேச்சு வெளியே கேட்குமோ என்று நினைப்பவரின் தோள் எந்த எண்ணெய்க்கும் இளகாது.

மேசையைச் சுற்றி இரண்டரை அடியாவது விடுங்கள். ஓர் அறையில் இரண்டு மேசை போடும் ஆசை வரும், வேண்டாம்.

ஏசி காற்று மேசைமேல் நேராக விழக்கூடாது. உழைக்கிறவருக்கு வியர்க்கும் அதே அறையில், உடை களைந்து அசையாமல் கிடப்பவருக்குக் குளிரும். படுத்திருப்பவரின் குளிரையே கணக்கில் எடுங்கள். ஏசியை 26 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள், போர்வையும் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய எண்ணெயின் சிக்கு வாடையை ஊதுபத்தி மறைக்காது. அழுக்குத் துண்டுகளை மூடியுள்ள கூடையில் போட்டு, அறைக்கு வெளியே வையுங்கள்.

தரைக்கு வழுக்காத, சொரசொரப்பான டைல்ஸ். மேசையிலிருந்து குளியலறை வரை படி எதுவும் குறுக்கிட வேண்டாம். நெடுநேரம் படுத்து எழும் முதியவருக்குத் தலை சுற்றலாம். காலிலும் எண்ணெய் இருக்கும். மேசையருகே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றும், குளியலறைச் சுவரில் பிடிகம்பியும் கட்டாயம்.