கைவிட்ட தகப்பனும் சட்டம் கேட்கும் சம்மதமும்

கணவனால் கைவிடப்பட்டு, விவாகரத்துத் தீர்ப்புப் பெற்று, சில ஆண்டுகளுக்குப் பின் மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் குழந்தை, தாயின் புதிய கணவரையே அப்பா என்றழைத்து, அவர் கைப்பிடித்து ஸ்ரீரங்கத்து வீதிகளில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்திருந்தாலும், ஏதேனும் ஒரு விண்ணப்பம் தந்தையின் பெயரைக் கேட்கும் வேளையில், சட்டத்தின் கண்ணில் அந்த மனிதர் அக்குழந்தைக்குத் தகப்பனாரே அல்லர் என்னும் செய்தி பல குடும்பங்களுக்குப் பேரதிர்ச்சியாக வந்து சேர்கிறது. மறுமணம் கணவனையும் மனைவியையும் பிணைப்பதோடு நின்றுவிடுகிறது. இயற்கைக் காப்பாளர் யார் என்று வரையறுக்கும் 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தை, தாய் என்ற சொற்கள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் குறிக்கமாட்டா என்று விளக்கமே எழுதிவைத்திருக்கிறது. வாரிசுரிமையிலும் நிலைமை அதுவே. அவர் உயில் எழுதாமல் காலமானால், பல வருஷம் சோறிட்டு வளர்த்த அந்தக் குழந்தைக்கு அவருடைய சொத்தில் பாத்தியதை இராது.

இக்குறையைத் தீர்க்கும் வழி சுவீகாரம். 1956 டிசம்பர் 21 முதல் அமலில் இருக்கும் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, குழந்தைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கலாகாது. தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் மகனையும், மகள் இருந்தால் மகளையும் தத்தெடுக்க இயலாது. ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுப்பதானால் இருவருக்கும் இடையே இருபத்தொரு வயதாவது வித்தியாசம் வேண்டும். முன்னாளில் இன்றியமையாததென்று பலர் கருதிய தத்தஹோமம் இப்போது கட்டாயமன்று; கொடுப்பவர் கொடுக்கவும் கொள்பவர் கொள்ளவும், அந்த எண்ணத்தோடு குழந்தை கைமாறுவதே சட்டம் வேண்டும் கிரியை. இருதரப்பாரும் ஒப்பமிட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, சுவீகாரம் முறைப்படியே நடந்ததென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும்.

இவ்வளவும் எளியவை. கடினமான முடிச்சு 9ஆம் பிரிவில் இருக்கிறது. குழந்தையைத் தத்துக் கொடுக்கும் உரிமை ஆதியில் தகப்பனுக்கே முதன்மையாக இருந்தது. 2010இல் நிறைவேறிய திருத்தம் தாய்க்கும் அதைச் சமமாக்கிற்று என்பது உண்மையே. ஆனால் ஒருவர் மற்றவருடைய சம்மதமின்றி அந்த உரிமையைச் செலுத்தலாகாது என்ற நிபந்தனையும் உடன் இருக்கிறது. தகப்பன் இறந்துபோயிருந்தால் தாய் தனியாகவே கொடுக்கலாம். உயிரோடிருந்தால், அவன் முற்றத் துறந்தவனாகவோ, இந்து மதத்தினின்று நீங்கியவனாகவோ, சித்த சுவாதீனமற்றவன் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவனாகவோ இருந்தாலன்றி அவன் சம்மதம் வேண்டும். குழந்தை தாயிடமே வளரலாம் என்று குடும்பநல நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது. கைவிட்டுப் போனவனைப் பற்றி இவ்விடத்தில் சட்டம் ஒரு வார்த்தையும் கூறவில்லை.

துறவு என்பது ஸ்ரீரங்கவாசிகள் அறியாத விஷயமன்று. காஞ்சியில் இல்லறத்தை நீத்துச் சந்நியாசம் பெற்ற ராமாநுஜர் பின்னர் திருவரங்கம் வந்து கோயில் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார் என்று குருபரம்பரை கூறும். இன்றும் ஜீயர் பீடத்துக்கு வருகிறவர், விதித்த சடங்குகளை ஊரறியச் செய்து, காஷாயமும் திரிதண்டமும் ஏற்று, பூர்வாசிரமத்துப் பந்தங்களை ஒருசேர விடுகிறார். காவி உடுத்தினால் மட்டும் போதாது, சடங்குகளும் முறைப்படி நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றங்களும் கூறியிருக்கின்றன. அவ்வாறு பகிரங்கமாக விடைபெற்றுச் சென்றவருடைய சம்மதம் வேண்டாம் என்று சொல்லும் சட்டம், ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு மாத ஜீவனாம்சமும் அனுப்பாமல், விலாசமே தெரியாதபடி மறைந்துபோனவனுடைய கையெழுத்துக்காக ஒரு குழந்தையைக் காத்திருக்கச் செய்வது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. தாய் தந்தையர் இருவருமே குழந்தையைக் கைவிட்டிருந்தால், காப்பாளர் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றுத் தத்துக் கொடுக்கலாம் என்று அதே 9ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு கூறுகிறது. ஆக, கைவிடுதல் என்பதைச் சட்டம் அறியும். இருவரில் ஒருத்தி கைவிடாமல் நின்றாள் என்பதாலேயே அந்த வழி அவளுடைய குழந்தைக்கு அடைபட்டுப்போகிறது.

அமெரிக்க மாநிலங்களில், கடமை துறந்த பெற்றோரின் உரிமையையே முடித்துவைக்கும் தனி வழக்கு உண்டு. இங்கிலாந்தின் 2002ஆம் வருஷத்துச் சட்டம், பெற்றவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, குழந்தையின் நலன் வேண்டினாலோ, சம்மதத்தை நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்கிறது. நம் நாட்டில் அத்தகைய தனி வழக்கு கிடையாது. நீதிமன்றங்கள் தம்மால் இயன்ற மட்டும் வழி அகலப்படுத்தியிருக்கின்றன. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999இல், தந்தைக்குப் பிறகே தாய் காப்பாளர் என்ற வாசகத்துக்கு, தந்தை பொறுப்பேற்காதிருக்கும்போதும் தாயே காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் பொருள் கண்டது. 2015இல், மணமாகாத தாய் காப்பாளர் உரிமை கோரும்போது தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பியே தீரவேண்டும் என்பதில்லை என்றது. 2022 ஜூலையில், ஆந்திரத்தில் விதவையாகி மறுமணம் செய்துகொண்ட தாயொருத்தியின் வழக்கில், குழந்தையின் பதிவேடுகளில் அவள் கணவரை மாற்றாந்தந்தை என்றே குறிக்கவேண்டும் என்ற உயர் நீதிமன்ற ஆணையைக் கொடுமையானதென்று கண்டித்து ரத்து செய்தது. நம் திருச்சியிலும் ஒரு வழக்கு எழுந்தது: விவாகரத்துக்குப் பின் மருத்துவ உதவியால் தாயான ஒரு பெண்ணின் குழந்தைக்கு, தந்தையல்லாத ஒருவர் பெயரை மாநகராட்சி பிறப்புச் சான்றிதழில் எழுதிவிட, 2018இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பெயரை நீக்கி அந்த இடத்தை வெறுமையாக விட உத்தரவிட்டது. கடவுச்சீட்டுக்கும் 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். எனினும் மணத்தின் வழியே தகப்பனானவன் உயிரோடிருக்கையில் சுவீகாரத்துக்கு இவை போதமாட்டா.

இரண்டாவது வழி, 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் வகுத்த விதிகளில் இருக்கிறது. இந்துக்களுக்கு மாத்திரமன்றி, தத்தெடுக்கத் தனிச் சட்டம் இல்லாத கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இது திறந்திருக்கிறது. தமக்கு மகன் இருப்பதால் மனைவியின் மகனைத் தத்தெடுக்க இயலாத இந்துவுக்கும் இதுவே கதி. தாயும் அவள் கணவரும் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியே விண்ணப்பிக்கவேண்டும்; 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இங்கும் பெற்றவருடைய சம்மதப் பத்திரம் கேட்கப்படுகிறது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நிலுவையில் இருந்தால், அது முடிந்த பின்னரே இது தொடங்கும்.

ஆகையால் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துக் கோரும் தம்பதிகள், குழந்தையின் பிற்காலச் சுவீகாரத்தைப் பற்றியும் அப்போதே பேசி எழுதிக்கொள்வது நலம். தகப்பன் இருக்குமிடமே தெரியாதவர்கள், 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி மனுச் செய்து, அவனது கடைசி விலாசத்தில் நோட்டீஸ் ஒட்டியும் பத்திரிகையில் விளம்பரம் செய்தும், வராதவன் மேல் ஒருதலைப்பட்சமாகவேனும் உத்தரவு பெற்று வைத்துக்கொள்ளலாம். அது சுவீகாரமாகாது, ஆனால் தேடியும் அவன் வரவில்லை என்பதற்கு நீதிமன்றப் பதிவேடே சாட்சியாகும். ஏழு வருஷம் சேதியே இல்லாதவன் இறந்தவனாகக் கருதப்படலாம் என்ற சாட்சியச் சட்டத்தின் விதியும் சிலருக்கு உதவும்.

சுவீகாரம் நிறைவேறியபின் பெற்ற தகப்பனிடம் குழந்தைக்காக ஜீவனாம்சம் கேட்க இயலாது என்பதையும், செல்லுபடியான சுவீகாரத்தைப் பின்னால் ரத்து செய்ய இயலாது என்பதையும், அந்த இரண்டாவது மணம் முறிந்தாலும் தகப்பன் ஸ்தானம் முறியாது என்பதையும் இரு குடும்பத்தாரும் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். குழந்தைக்கு முன்பே உரிமையாகிவிட்ட சொத்து மட்டும் அதனிடமே நிற்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கும் தாய்மார்கள் திருச்சியிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள்.