கோழியும் மொச்சையும் சுரப்பிகளுக்கு ஏற்ற உணவா?

பெங்களூரின் ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடியில், மார்கழி, தை மாதங்களில் காய்கறிக் கடைகளின் முன் மொச்சைக்காய் குவிந்து கிடக்கும். கன்னடத்தில் இதனை அவரேகாய் என்பர். ஊறவைத்த விதையைத் தோலினின்றும் பிதுக்கியெடுத்து ஆக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பு தமிழ் இல்லங்களிலும் பழக்கமானதே. அதனுடன் கோழியிறைச்சியைச் சேர்த்து ஒரே சட்டியில் வேகவைத்தால் வயிறு நிறைக்கும் உணவாகும். இது ஹார்மோன்களைச் சீர்ப்படுத்தும் என்போர் சிலர். கோழிக்கே ஹார்மோன் ஊசி போடப்படுகிறது என்று அஞ்சுவோர் வேறு சிலர்.

அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு வேர் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1940-களில் சேவல்கள் கொழுக்கும் பொருட்டு, டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பெண் ஹார்மோன் வில்லையைக் கழுத்துத் தோலின் கீழ்ப் பொதிந்தனர். 1959-இல் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. இன்றைய பிராய்லர் கோழி ஆறு வாரங்களில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை பெறுவது இனத்தேர்வினாலும் தீவனத்தினாலுமே ஆகும். தீவனம் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு, கால்நடைகளின் ஊட்டத்தையும் உடலியங்கியலையும் ஆராய்வதற்கென 1995-இல் தொடங்கப்பெற்ற தேசிய நிறுவனம் அடுகோடியிலேயே இருப்பது சான்று. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம்; தீவனத்தில் கலந்தால் செரித்து அழியும். ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு ஓயாமல் ஊசி போடுவதோ கட்டுப்படியாகாது. கிருமியெதிர்ப்பு மருந்துகளை வரம்பின்றிக் கொடுப்பது வேறு செய்தி; அங்கே கவலைக்கு இடமுண்டு.

இனிப் பயனைக் காண்போம். உடல் தனக்கு வேண்டிய ஹார்மோன்களை மூலப்பொருள்களிலிருந்து தானே ஆக்கிக்கொள்கிறது. தைராய்டு சுரப்பி ஆக்கும் தைராக்ஸினுக்குத் டைரோஸின் என்னும் அமினோ அமிலமும் அயோடினும் தேவை. முன்னது கோழியிலும் மொச்சையிலும் தாராளமாக உண்டு. பின்னது சட்டிக்குள் வருவது பெரும்பாலும் உப்பின் வழியேதான். டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கிப் பார்த்தனர். அயோடின் பெற்ற பகுதிகளில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. ஆகவே, இக்குழம்பில் தைராய்டுக்கு மிக நெருங்கிய பொருள் கோழியன்று, உப்பே எனலாம்! அயோடின் உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் சேர்ப்பது சிறந்தது.

மொச்சையின் பங்கு வேறு. அதன் நார்ப்பொருள் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவதால், உணவுக்குப்பின் இரத்தத்தில் சர்க்கரையும் இன்ஸுலினும் திடீரென உயர்வதில்லை. சோற்றைக் குறைத்துக் குழம்பைக் கூட்டி உண்டால்தான் இப்பயன் கிட்டும்.

நால்வருக்கு அரைக் கிலோ கோழியும் 200 கிராம் உலர்ந்த மொச்சையும் போதும். மொச்சையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் தளதளவெனக் கொதிக்கவைத்து மெத்தென வேகவிட வேண்டும். பிறகே வதக்கிய வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, மசாலையுடன் கோழியைச் சேர்த்துச் சட்டியை மூடிச் சிறுதீயில் வைக்கலாம். மொச்சைக்குப் பதில் ராஜ்மா இடுவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப்புரதம் கொதிநிலையில்தான் அழியும். 80 டிகிரி சென்டிகிரேடு அளவில் வெதுவெதுப்பாக நெடுநேரம் வைத்தால் நச்சுத்தன்மை கூடவும் கூடும். அரைவேக்காட்டு விதை நான்கைந்து உண்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி காணும். மின்சார மெதுவேக்கிப் பாத்திரங்களில் இடுமுன் ராஜ்மாவைத் தனியே அரைமணி நேரம் கொதிக்கவைத்தல் இன்றியமையாதது.

தைராக்ஸின் மாத்திரை உட்கொள்வோர் இவ்வுணவை நம்பி அதை நிறுத்தலாகாது. நார்ப்பொருள் அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எனவே மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் உட்கொண்டு, மொச்சைக் குழம்பை நண்பகலுக்கு வைத்துக்கொள்வது தக்கது.