ஊராத்துறைச் சாசனமும் கணினி அநுமதிக் கோப்பும்

உரிமை என்பது வாய்ச்சொல்லளவில் நில்லாது எழுத்திலே பொறிக்கப்படும்போதே வலுப்பெறுகின்றது. யார், எவ்விடத்தில், எதனை, எவ்வளவிற்குத் துய்க்கலாம் என வரையறுத்தெழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்துத் தீவகத்திற்குப் புதியதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம் இதற்குச் சான்றாகும். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டுமெனவும், அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்படல் வேண்டுமெனவும் அது விதிக்கின்றது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவர்க்கும் உரியன. பிற சரக்கேற்றிய கலமாயின் இருசாரார்க்கும் சரிபாதி. இவ்விதி கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதென அச்சாசனமே கூறும்.

இக்காலத்து யுனிக்ஸ் வழங்கிகளில் இடப்பெறும் மென்பொருள் அநுமதிக் கோப்பும் இத்தகைய ஒரு சாசனமே. 1988 இல் தோன்றிய பிளெக்ஸ்எல்எம் என்னும் முறையை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அதன் கோப்பு எவரும் படிக்கத்தக்க வெற்றெழுத்துக் கோப்பாகும். முதல் வரி வழங்கியின் பெயரையும், அதன் அடையாள எண்ணையும், தொடர்புக்குரிய துறை எண்ணையும் கூறும். அடுத்த வரி விற்பனையாளரின் காவல்நிரலைக் குறிக்கும். எஞ்சிய வரிகள் மென்பொருட் கூற்றின் பெயர், பதிப்பு, முடிவுத் திகதி, ஒரே நேரத்திற் பயன்படுத்தத்தக்கோர் தொகை என்பவற்றைத் தந்து, இறுதியில் மறைகுறி ஒப்பம் ஒன்றைத் தாங்கி நிற்கும்.

இதனை நிறுவும் முறை நான்கு படிகளில் அடங்கும். முதலாவது, வழங்கியின் அடையாள எண்ணை அறிந்து விற்பனையாளர்க்கு அறிவித்தல். பெரும்பாலும் இது வலையட்டையின் பன்னிரண்டு இலக்க முகவரியாகும். இரண்டாவது, கிடைத்த கோப்பை உரிய அடைவில் இடுதல். வழங்கியின் பெயர், துறை எண், காவல்நிரல் இருக்கும் பாதை ஆகியவற்றை மாற்றலாம்; ஒப்பத்துக்குட்பட்ட பகுதியில் ஓரெழுத்தை மாற்றினும் அநுமதி செல்லாது. மூன்றாவது, முதன்மைக் காவல்நிரலை இயக்குதல். இதனை முழு அதிகாரமுடைய மூலப் பயனர் பெயரில் இயக்காது, குறைந்த அதிகாரமுடைய கணக்கிலே இயக்குதல் பாதுகாப்பாகும். நான்காவது, நிகழ்ச்சிப் பதிவேட்டைப் படித்து, அநுமதி ஏற்கப்பட்டதோவென உறுதிசெய்தல்.

சாசனத்துக்கும் கோப்புக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கல் சிதைந்தாலும் செம்பிலுள்ள படி அதே விதியைக் கூறும். அநுமதிக் கோப்புக்கோ எத்துணைப் படிகள் இருப்பினும் அவை குறித்த பொறி ஒன்றுக்கே உரியன. மின்னழுத்த மாறுபாட்டாலோ கடற்காற்றின் உப்பாலோ அப்பொறி கெடின், விற்பனையாளர் வேறோர் எண்ணுக்குப் புதுக்கோப்பு வழங்கும்வரை வேலை நின்றுவிடும். மூன்று வழங்கிகளை இணைத்து, அவற்றுள் இரண்டு இயங்கினும் அநுமதி தொடருமாறு செய்யும் ஏற்பாடு உண்டெனினும், சிறிய பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ அது எளிதன்று.

ஆகவே, நெடுங்காலம் பேணவேண்டிய ஆவணங்களைக் கையாள்வோர் தேர்ந்தெடுக்கும் மென்பொருளின் அநுமதி முறையையும் ஆராய்தல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அமைக்கப்பட்டது. அதற்கு அநுமதிக் கோப்பு வேண்டுவதில்லை. ஒரு பொறி பழுதுபடின் மற்றொன்றில் நிறுவிக்கொள்ளலாம். விலைகொடுத்துப் பெறும் மென்பொருளே தேவைப்படுமிடத்து, பொறியின் அடையாள எண்ணையும், கோப்பின் படியையும், விற்பனையாளரின் தொடர்பு விவரத்தையும் அப்பொறிக்கு வெளியே பத்திரப்படுத்தி வைத்தல் பொறுப்பாளரின் தலையாய கடமையாகும்.